இராஜாஜியும் சேலம் மாவட்ட மதுவிலக்கும்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், எழுத்தாளர், அரசியலறிஞர் ஆவார். இராஜாஜி என்று பரவலாக அறியப்படும் இவர் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகவும் (1937-1939), விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் (1948-1950), சென்னை மாநில முதலமைச்சராகவும் (1952-1954) பதவி வகித்தார். 1954ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்றார். இவருடைய நீண்ட பொதுவாழ்வில் கொள்கைகள் பல மாறின; கட்சிகளும் மாறின. ஆனால் மதுவிலக்கு குறித்த நிலைப்பாடு மட்டும் இறுதிவரை மாறவேயில்லை. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று, இந்தியாவிலேயே முதன்முறையாக ஒரு மாவட்டம் முழுவதிலும் மதுவைத் தடை செய்தது இவரது அரசு. அந்த மாவட்டம், இவர் பிறந்து தொழில் புரிந்த சேலம் மாவட்டம் ஆகும்.

பிறப்பும் தொடக்க வாழ்வும்

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் இராஜாஜி பிறந்தார். இவ்வூர் தற்போது கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது; அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்யா அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவர். தாயார் சிங்காரம்மாள். ஓசூரிலும் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று சட்டப் படிப்பை முடித்த இராஜாஜி, 1900ஆம் ஆண்டளவில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தொழில் விரைவில் செழித்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றினார்.

1919இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த இவர், அவ்வாண்டு அங்கு வந்து தங்கிய காந்தியடிகளின் நெருங்கிய தொண்டரானார். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் நல்ல வருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்தார்.

அக்கால மது வணிகம்

இராஜாஜி எதனை எதிர்த்தார் என்பதை அறிய, அன்றைய மது வணிகத்தின் அமைப்பைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டப்படி மது முழுவதும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்திற்கும் மரவரி செலுத்த வேண்டும். கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் ஏலத்தில் விடப்பட்டன. அதிகத் தொகை கேட்டவர் குத்தகைதாரர் ஆனார். கட்டிய பணத்தை மீட்க அவர் கூடுதலாக விற்க வேண்டியிருந்தது. அவர் எவ்வளவு விற்றாரோ அதற்கேற்ப அடுத்த ஏலத்தில் அரசின் வருவாய் உயர்ந்தது. இவ்வாறு குடிப்பவர் பெருகுவதில் குத்தகைதாரருக்கும் அரசுக்கும் ஒரே வகையான நலன் இருந்தது. மாகாணத்தின் மொத்த வருவாயில் ஆப்காரி வருவாய் மிகப் பெரிய பங்குகளில் ஒன்றாக விளங்கியது.

சேலம், நாமக்கல் சமவெளி மழை குறைந்த மேட்டுநிலமாகும். பனை அங்கு இயற்கையாகச் செழிக்கும். பனையின் பாளையிலிருந்து வடியும் சாற்றில் மதுவின் தன்மை இல்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அதனைப் பிடித்தால் புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும். இதுவே பதநீர், கொங்குப் பகுதியில் தெளுவு என்பர். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் பிடித்தால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகளால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறத்தில் பூசும் சிறிது சுண்ணாம்பே பானத்திற்கும் போதைக்கும் இடையிலான எல்லை. பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது இந்தச் சுண்ணாம்பு பெரும் சிக்கலாயிற்று.

திருச்செங்கோடு காந்தி ஆசிரமம்

1925ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். இதற்கான நிலத்தைப் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் வழங்கினார். இவ்விடம் தற்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கதர் நூற்பு, நெசவு, தீண்டாமை ஒழிப்பு, மருத்துவ உதவி, மதுவிலக்குப் பரப்புரை ஆகியவை ஆசிரமத்தின் பணிகளாக இருந்தன. காந்தியடிகள் 1925 மார்ச்சில் இங்கு வருகை தந்தார்.

சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக இருந்திருக்கக்கூடிய ஒருவர், ஆஸ்துமா நோயுடன், வறட்சிப் பகுதியில் ஒரு சிறு குடிலில் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது பலருக்கும் வியப்பளித்தது. ஆயினும் மதுவிலக்கு குறித்த அவரது கருத்து கூர்மை பெற்றது இங்கேதான் எனலாம். நூற்பவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் ஆசிரமம் கூலி வழங்கியது. அந்தக் கூலி எங்கே போகிறது என்பதை அங்கிருந்தவர்கள் நேரில் கண்டனர். கைராட்டையால் ஒரு பெண் ஈட்டும் சில அணாக்களை ஒரே மாலையில் கள்ளுக்கடை விழுங்கிவிடும் ஊரில், கதர் இயக்கத்தால் வறுமையைப் போக்க இயலாது. மது அருந்துவது ஒழுக்கக் கேடு என்று மட்டும் பேசிய பிற சீர்திருத்தக்காரர்களிடமிருந்து இராஜாஜி வேறுபடுவது இவ்விடத்தில்தான். அவர் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கையே முதன்மையாகப் பேசினார்.

விமோசனம் இதழ்

1929ஆம் ஆண்டு ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்னும் மாத இதழை இராஜாஜி தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே வெளிவந்த இவ்விதழில் இராஜாஜிக்குத் துணையாகப் பணியாற்றியவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற எழுத்தாளர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். கல்கி அதற்கு முன்னர் திரு. வி. க.வின் நவசக்தி இதழில் பயிற்சி பெற்றவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்த அந்நாளில், ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வகையில் கதைகளும் பாட்டுகளும் படங்களும் இவ்விதழில் இடம்பெற்றன. மொத்தம் பத்து இதழ்களே வெளிவந்தன. உப்புச் சத்தியாக்கிரகத்தை முன்னிட்டு 1930இல் இதழ் நின்றது. குறுகிய ஆயுள் கொண்டதாயினும், நவீனத் தமிழ்ச் சிறுகதை எளிய நடையில் பொதுமக்களை நோக்கிப் பேசிய தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக இது கருதத்தக்கது.

1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணத்தை இராஜாஜி தலைமையேற்று நடத்திச் சிறை சென்றார். 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி - இர்வின் உடன்பாடு அமைதியான மறியலை அனுமதித்தது. அதே மாதத்தில் கூடிய கராச்சி காங்கிரசு முழு மதுவிலக்கைத் தன் கொள்கைகளுள் ஒன்றாக ஏற்றது. மதுவிலக்கு குறித்த கையேடு ஒன்றை இராஜாஜி ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டதும் இவ்வாண்டில்தான்.

முதன்மை அமைச்சர்

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசு பெரும் வெற்றி பெற்றது. சூலை 14 அன்று இராஜாஜி முதன்மை அமைச்சராகப் பொறுப்பேற்றார். பதவியேற்று மூன்று மாதங்கள் நிறைவதற்குள் சென்னை மதுவிலக்குச் சட்டம் நிறைவேறி, அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் பெரும்பகுதியை உள்ளடக்கியது. ஏறத்தாழ 24 இலட்சம் மக்கள் அங்கு வாழ்ந்தனர்.

மாகாணம் முழுவதிலும் ஒரே நாளில் தடை விதிக்காமல் ஒரு மாவட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. மாகாணத்தின் ஆப்காரி வருவாய் முழுவதையும் ஒரே ஆண்டில் இழந்தால் அரசின் வரவு செலவுத் திட்டம் நிலைகுலைந்திருக்கும். மேலும், சேலம் இராஜாஜி ஊர் ஊராக அறிந்த நிலம். புதுப்பாளையம் ஆசிரமத்தின் பத்தாண்டுப் பரப்புரை அங்கு ஓரளவு மனநிலையை உருவாக்கியிருந்தது. சோதனை தோற்றாலும் வென்றாலும் அதன் பொறுப்பு தன்னையே சாரும் இடத்தை அவர் தேர்ந்தெடுத்தார் என்று கூறலாம்.

மது உற்பத்தி, விற்பனை, வைத்திருத்தல், அருந்துதல் ஆகிய அனைத்தையும் சட்டம் தடை செய்தது. கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. கள் இறக்குவது குற்றமாயிற்று. உரிமம் பெற்றுப் பதநீர் இறக்கவும் பனைவெல்லம் காய்ச்சவும் மட்டும் இசைவு தரப்பட்டது. கிறித்தவ வழிபாட்டுக்கான திராட்சை மதுவுக்கும் மருத்துவத் தேவைகளுக்கும் விலக்கு உண்டு. மாலை நேரங்களில் கள்ளுக்கடைக்குச் சென்று பழகியவர்களுக்கு மாற்றாகப் பசனை, கூத்து, விளையாட்டு முதலியவற்றை ஊர்தோறும் நடத்த ஊக்கமளிக்கப்பட்டது.

விருந்துக் கோப்பையும் மண் கலயமும்

அயல்நாட்டு மதுவகைகளும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. சேலம் நகருக்கு மேலே சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் ஐரோப்பியருக்குச் சொந்தமான காப்பித் தோட்டங்கள் இருந்தன. ஜின், விசுக்கி, பிராந்தி முதலியவற்றில் எலுமிச்சைச் சாறும் சோடாவும் கலந்து விருந்துகளில் அருந்துவது அக்கால ஐரோப்பியரின் வழக்கமாகும். இத்தகையோர் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குப் பெர்மிட் பெற்று மது வாங்கச் சட்டம் வழி செய்தது.

இந்த விதிவிலக்கு அன்றும் பின்னரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பணம் படைத்தவரின் பளிங்குக் கோப்பைக்குப் பெர்மிட், ஏழையின் மண் கலயத்துக்குச் சிறை என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். இராஜாஜியின் தரப்பு வாதமோ வேறு. விருந்தில் வண்ணப் பானம் அருந்தும் செல்வரின் வீட்டில் மறுநாள் அடுப்பு எரியாமல் போவதில்லை. கூலியாளின் வீட்டில் போகிறது. சட்டத்தின் நோக்கம் பின்னவரின் குடும்பத்தைக் காப்பதே என்பது அவரது விளக்கத்தின் சாரம். இவ்விளக்கம் பொருளாதார நோக்கில் சரியானது. சமநீதி நோக்கில் முழு விடை ஆகாது.

விளைவுகள்

அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையினர் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கின் விளைவுகளை ஆராய்ந்தனர். கூலி வேலை செய்யும் குடும்பங்களில் உணவுக்கும் துணிக்கும் செலவிடும் தொகை கூடியதும், வீட்டுச் சண்டைகள் குறைந்ததும் அக்கால ஆய்வுகளில் பதிவாயின. இந்நன்மையை முதலில் உணர்ந்தவர்கள் பெண்களே.

இழப்பும் இருந்தது. மரமேறிகளின் பிழைப்பு ஒரே நாளில் பறிபோனது. பதநீர், பனைவெல்லம் ஆகியவை மாற்றுத் தொழிலாகக் காட்டப்பட்டாலும், பதநீர் அன்றன்றே விற்றாக வேண்டிய பொருள். வெல்லம் காய்ச்ச விறகும் கூடுதல் உழைப்பும் தேவை. வருவாய் கள்ளுக்கு ஈடாகவில்லை. கலயத்தில் சுண்ணாம்பு போதிய அளவு பூசப்பட்டதா என்று ஆய்வு செய்யும் அதிகாரம் கீழ்நிலை அலுவலர்களிடம் இருந்ததால், நேர்மையாகப் பதநீர் இறக்கியவரும் வழக்குக்கு அஞ்ச வேண்டியதாயிற்று. மதுவிலக்கைப் போற்றும் நூல்கள் பல இம்மக்களைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுவது குறையே.

மாவட்ட எல்லையும் இடர் தந்தது. காவிரியின் கிழக்குக் கரையில் பள்ளிபாளையம் சேலம் மாவட்டம். பாலத்தைக் கடந்தால் ஈரோடு, அது அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம். அங்குக் கடைகள் திறந்தேயிருந்தன. ஓசூர்ப் பக்கத்தில் மைசூர் சமத்தானத்தின் எல்லை. எனவே ஒரு மாவட்டத்தோடு நிற்பது இயலாததாயிற்று. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் 1939இல் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் மதுவிலக்கு விரிவாக்கப்பட்டது. 1939 ஆகத்து மாதம் பம்பாய் மாகாண அரசும் பம்பாய் நகரில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது.

விற்பனை வரி

இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டு இராஜாஜி அரசு பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் பொருள்களின் விற்பனை மீது பொதுவாக விதிக்கப்பட்ட முதல் வரி இதுவேயாகும். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். குடிப்பவர் மட்டும் செலுத்தி வந்த பணத்தை இனி உப்பும் புளியும் வாங்கும் எல்லோரும் செலுத்த வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. ஆயினும் பிற மாகாணங்கள் ஒவ்வொன்றாக இவ்வரியைப் பின்பற்றின. விடுதலைக்குப் பின் மாநிலங்களின் முதன்மை வருவாயாக அது வளர்ந்தது. கள்ளுக்கடையை மூடுவதற்காக வந்த வரி, கடைகள் மீண்டும் திறந்த பிறகும் நீடித்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோதும், அருந்தும் மது அதற்குள் சேர்க்கப்படாமல் மாநிலங்களின் வரியதிகாரத்திலேயே விடப்பட்டது.

பதவி விலகலுக்குப் பின்

இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களைக் கலந்தாலோசிக்காமல் இந்தியாவை ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. இராஜாஜியும் 1939 அக்டோபர் இறுதியில் விலகினார். பின்னர் வந்த ஆளுநர் ஆட்சி போர்க்காலத்தில் மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சேலத்தில் கடைகள் மீண்டும் திறந்தன. 1946இல் அமைந்த பிரகாசம் அமைச்சரவை சில மாவட்டங்களில் அதனை மீட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கின் கீழ் வந்தது. அப்போது இராஜாஜி தில்லியில் தலைமை ஆளுநராக இருந்தார்.

முழு மதுவிலக்கு நிலவிய ஆண்டுகளில் கள்ளச்சாராயம் பெருகியது உண்மை. வெல்லம், வேலம்பட்டை, அழுகிய பழங்கள் முதலியவற்றை ஊறவைத்துக் காய்ச்சிய பட்டைச் சாராயம் ஊர்ப்புறங்களில் விற்கப்பட்டது. சேலம் மாவட்டத்தின் கிழக்கே உள்ள கல்வராயன் மலை இதற்குப் பெயர்போன இடமாயிற்று. சட்டத்தால் மட்டும் குடியை ஒழிக்க முடியாது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. 1921இல் மதுவிலக்குக்காகத் தம் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிய பெரியார் ஈ. வெ. இராமசாமி, பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்து எழுதியதும் பேசியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

1971

1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த இராஜாஜி, 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்து, காங்கிரசு ஆட்சி வீழக் காரணமானவர்களுள் ஒருவரானார். 1971 தேர்தலில் அக்கூட்டணி இல்லை. அவ்வாண்டு மு. கருணாநிதி தலைமையிலான அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவு செய்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு உதவித்தொகை தர முன்வந்த நடுவண் அரசு, ஏற்கனவே நடைமுறைப்படுத்தி வந்த தமிழ்நாட்டுக்கு அதனைத் தர மறுத்தது என்பது அரசின் வாதம். இவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை.

அப்போது 92 வயதான இராஜாஜி சூலை மாதத்தில் முதலமைச்சரை நேரில் சந்தித்து, இம்முடிவைக் கைவிடுமாறு வேண்டிக்கொண்டார். 1937இல் வருவாய் இழப்பைத் தாமே ஏற்று, மாற்று வரியைத் தாமே கண்டுபிடித்தவர் என்ற வகையில், நிதிநிலை பற்றிய வாதத்தை அவரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1971 ஆகத்து 30 முதல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. ஒரு தலைமுறை காலம் கடைகளையே காணாத ஊர்களில் கள்ளும் சாராயமும் விற்பனைக்கு வந்தன. இராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் காலமானார்.

அதே அரசு 1973 சூலையில் கள்ளுக்கடைகளையும் 1974 செப்டம்பரில் சாராயக் கடைகளையும் மூடியது. 1981இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அவை மீண்டும் திறந்தன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) நிறுவப்பட்டு மொத்த விற்பனையை ஏற்றது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் அதுவே நடத்தி வருகிறது. 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. இதனால் பனைமரத்தின் கள் சட்ட விரோதமாகவும், ஆலையில் வடித்த பிராந்தியும் ஓட்காவும் அரசுக் கடையில் கிடைப்பனவாகவும் இருக்கும் நிலை தமிழ்நாட்டில் ஏற்பட்டுள்ளது. கொங்குப் பகுதி உழவர் அமைப்புகள் கள்ளுக்கான தடையை நீக்கக் கோரிப் போராடி வருகின்றன.

இலக்கியத்தில்

குடியின் கேட்டைப் பொருளாகக் கொண்டு இராஜாஜி எழுதிய கதைகளுள் திக்கற்ற பார்வதி முதன்மையானது. குடியால் கடனில் மூழ்கும் ஓர் உழவர் குடும்பத்தின் சீரழிவை இது கூறுகிறது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில், ஸ்ரீகாந்த், இலட்சுமி ஆகியோர் நடிப்பில் 1974இல் இக்கதை அதே பெயரில் திரைப்படமாக வெளிவந்தது. இராஜாஜியின் பிறந்த ஊரான தொரப்பள்ளியில் படமாக்கப்பட்ட இத்திரைப்படம், சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.